துலக்கினால் ரத்தம் வருகிறது… பிரஷ்ஷை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். ஒரு மாதமாக மேல் முன்பற்களை ஒட்டிய ஈறு சிவந்து, லேசாக உப்பியிருக்கிறது. பிரஷ் பட்டாலே ரத்தம் கசிகிறது. பயந்துபோய் பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டேன். விரலால் மட்டும் தேய்த்துவிடுகிறேன். முன்பற்களில் ஈறு ஓரமாக வெள்ளையாக ஒரு கோடும் தெரிகிறது. இரவில் பனங்கற்கண்டு போட்ட பாலைப் புட்டியில் குடித்தபடியேதான் தூங்குவான். நடுராத்திரியும் ஒருமுறை எழுந்து கேட்பான். மருந்துக் கடையில் ஈறில் தடவ ஒரு ஜெல்லும், விட்டமின் சி சிரப்பும் கொடுத்தார்கள். விழுங்கிவிடுவான் என்று பயந்து ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்குகிறேன். பக்கத்துப் பல் கிளினிக்கில் "குழந்தை ஒத்துழைக்காது, 5 வயசு ஆகட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் அத்தையும்தான். "விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு பாடு" என்கிறார் அத்தை. நான் என்ன செய்யட்டும், டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பதில்:

அம்மா, முதலில் இன்றிரவே பிரஷ்ஷை வெளியே எடுங்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். ரத்தம் கசிவதைவிட, அதைப் பார்த்து நீங்கள் துலக்குவதை நிறுத்தியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பல்லும் ஈறும் சேரும் அந்த விளிம்பில் கிருமிகள் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகப் படியும். வழித்து எடுத்தாலும் ஒரு நாளுக்குள் திரும்பவும் படிய ஆரம்பித்துவிடும். அதை அப்படியே விட்டால் ஈறு உறுத்தப்படும். உடம்பு அந்த இடத்துக்குக் கூடுதலாக ரத்தத்தை அனுப்பும். அதனால்தான் சிவப்பு, அதனால்தான் வீக்கம். வீங்கிய ஈறின் உள்தோல் மிக மெலிந்துபோவதால் பிரஷ் பட்டதும் ரத்தம் கசிகிறது. பார்க்கிறவருக்கு "பிரஷ் குத்திவிட்டது" என்றுதான் தோன்றும். ஆனால் பிரஷ் வைப்பதற்கு முன்பே ஈறு புண்ணாகியிருந்தது. துலக்குவதை விட்டால் படலம் தடிக்கும், ஈறு மேலும் வீங்கும், அடுத்த முறை இன்னும் கூடுதலாக ரத்தம் வரும். விரலால் தேய்ப்பது பல்லின் நடுப்பகுதியைத்தான் துடைக்கும். அழுக்கு இருக்கும் அந்த ஓரத்துக்கு விரல் போகாது. மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் ஒழுங்காகத் துலக்கினால் ஓரிரு வாரத்தில் ரத்தம் நிற்க வேண்டும். முதல் மூன்று நான்கு நாட்கள் கசியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

இந்த அறிவுரை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. அதனால் உங்கள் மகனிடம் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் இருக்கிறதா? ஒரு மாதமாக இருக்கும் சிவப்பு என்கிறீர்கள், காய்ச்சலைப் பற்றி எழுதவில்லை. அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இதைப் படிக்கிற மற்ற தாய்மார்களுக்காகச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு ஈறில் ரத்தம் கசிந்தால், அதிலும் மழைக்கால மாதங்களில், பல் டாக்டரைத் தேட வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்குவில் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருவது அபாய அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சல் விட்ட மறுநாள் "சரியாகிவிட்டது" என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் அது மோசமாகும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுக்கலாம், அதுவும் குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவில். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. அதேபோல, காரணமில்லாமல் உடம்பில் ஊதா நிறத் திட்டுகள், ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், முகம் வெளிறிப்போவது, நாள்கணக்கில் சோர்வு, இவற்றோடு ஈறிலும் ரத்தம் வந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். இது அபூர்வம்தான். ஆனால் ரத்த அணுக்களில் வரும் சில கடுமையான நோய்கள் முதலில் ஈறில் தலைகாட்டுவது உண்டு.

இன்னொன்று, ஹெர்பிஸ் வைரஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே வைரஸ் குழந்தைக்கு முதல்முறை தொற்றும்போது வாய் முழுக்கப் புண்ணாக்கிவிடும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வருவது அதிகம். திடீரென்று காய்ச்சல், எச்சில் ஒழுகுவது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, நாக்கிலும் உதட்டிலும் சின்னச் சின்னக் குழிப்புண்கள், ஈறு முழுக்க செக்கச் சிவந்து வீங்குவது. ஒன்றிரண்டு பற்களுக்கு மேல் மட்டும் என்றில்லாமல் வாயெல்லாம் சிவந்திருப்பதுதான் இதன் அடையாளம். பத்துப் பதினான்கு நாளில் தானாக ஆறிவிடும். ஆன்டிபயாட்டிக் இதற்குப் பயன்படாது. வைரஸுக்கான மருந்து முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் தரும். எனவே சந்தேகம் வந்த அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அந்த நாட்களில் குழந்தை தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டும் குறைந்தால் தாமதிக்கக் கூடாது. உதட்டில் கொப்புளத்தோடு இருக்கும் பெரியவர்கள் குழந்தையை முத்தமிடாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

மேலுதட்டைத் தூக்கி, ஈறின் மேல்பகுதியைப் பாருங்கள். பல் முடியும் இடத்துக்குச் சற்று மேலே முகப்பரு மாதிரி ஒரு சின்னப் பொட்டு இருக்கிறதா? மஞ்சளாகவோ சிவப்பாகவோ, சில நாள் பெரிதாகி, சில நாள் உடைந்து சீழ் வந்து அமுங்கிவிடும். குழந்தைக்கு வலி இருக்காது. அதனாலேயே வீடுகளில் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். அது பல்லின் வேர்வரைக்கும் சீழ் பிடித்திருப்பதற்கான அடையாளம். ஆழமான சொத்தையாலும் வரும். எப்போதோ கீழே விழுந்து முன்பல் அடிபட்டு, அந்தப் பல் சாம்பல் நிறமாக மாறி, அதன்பின் மாதங்கள் கழித்தும் வரும். அதற்கு ஈறில் எதைத் தடவினாலும் பயனில்லை. பல்லுக்குத்தான் சிகிச்சை. இதோடு கன்னமோ உதடோ வீங்கி, காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் மகனின் வயதில் கடைசிக் கடைவாய்ப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். பின்பக்க ஈறு கொஞ்சம் வீங்கி, சில சமயம் நீலநிறக் குமிழ் போலத் தெரிந்தால் அது பல் வரும் வழி. சீண்டாமல் விட்டால் பல் முளைத்ததும் சரியாகிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால், நீங்கள் விவரித்திருப்பது அழுக்கு சேர்ந்ததால் வந்த ஈறு வீக்கம்தான் என்பது என் கணிப்பு. அது சரியாகிவிடும். நான் அதிகம் பேச விரும்புவது அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றி.

பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் போட்டு, உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் முன்பற்களை ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கும்போது தெரியாதது அப்போது தெரியும். கோடு துணியிலேயே வந்துவிட்டால் அது வெறும் அழுக்கு, நிம்மதி. துடைத்த பிறகும் ஈறின் வளைவை ஒட்டி, பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு பூசியது போல் இருந்தால், அங்கே எனாமலிலிருந்து தாதுச் சத்து கரைந்து போயிருக்கிறது என்று பொருள். சொத்தையின் முதல் படி அது. இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் அதைத் தடுத்து நிறுத்த முடியும், திரும்பக் கடினமாக்கவும் முடியும். பழுப்பாகி, நகத்தால் தொட்டால் மெத்தென்று இருந்தால் அந்த வாய்ப்பு நழுவத் தொடங்கிவிட்டது. பால்பல்லின் எனாமல் நிலையான பல்லில் இருப்பதில் பாதி கனம்தான். வெள்ளைக் கோடு குழியாக மாறுவதற்கு வருடங்கள் தேவையில்லை, மாதங்கள் போதும். இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுக்கும் குழந்தைகளுக்குப் பல்லில் வரும் கறுப்புக் கறை வேறு. அது சொத்தை இல்லை, டாக்டர் தேய்த்து எடுத்துவிடுவார். கறைக்குப் பயந்து இரும்புச்சத்தை நிறுத்தக் கூடாது.

மேல் முன்பற்களில் மட்டும் ஏன் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். புட்டி குடிக்கும்போது கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும். அருகிலேயே எச்சில் சுரப்பிகளின் வாயும் இருப்பதால் அவை கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் கிடையாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைந்துவிடும். கடைசி மிடறு பால் அந்தப் பற்களைச் சுற்றி அப்படியே தேங்கி நிற்கும். மேல் முன்பல் கெட்டு, கீழ் முன்பல் நன்றாக இருக்கும் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "ராத்திரி புட்டி உண்டா?" என்றுதான் நாங்கள் கேட்போம்.

பனங்கற்கண்டு உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில்தான் போடுகிறீர்கள் என்று தெரியும். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் அதற்கு ஒன்றே. இனிப்புப் பட்டதும் அமிலம் சுரக்கும், அந்த அமிலம் பல்லைக் கரைக்கும். பகலில் என்றால் எச்சில் அரைமணி நேரத்துக்குள் அதைச் சமாளித்துவிடும். மொத்தம் எவ்வளவு இனிப்பு என்பதைவிட ஒரு நாளில் எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். மதியம் சாப்பாட்டோடு ஒரு கரண்டி பாயசம் தருவதை நான் தடுக்க மாட்டேன். மணிக்கொரு பிஸ்கட், தூக்கத்தில் புட்டி, இவைதான் எனக்கு ஆகாது. உங்கள் ஊர்க் கடலை மிட்டாயும் இப்போதைக்கு வேண்டாம். பல்லில் ஒட்டும் என்பது ஒரு காரணம். இந்த வயதில் முழுக்கடலை மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கிவிடச் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒற்றை ஆளாகப் பிள்ளையைச் சமாளிக்கும் தாயிடம் அப்படிச் சொல்வது எளிது, செய்வது எளிதில்லை. முதலில் கற்கண்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாரத்தில் அறவே நிறுத்திவிடலாம். அடுத்து நடுராத்திரிப் புட்டி. அதில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீர் ஆக்கிவிடுங்கள். வெறும் தண்ணீருக்காக எழும் ஆசை பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாளில் போய்விடும். தூங்கப் போகும் நேரத்துப் பாலை அரைமணி முன்னே தள்ளி, டம்ளரிலோ ஸ்ட்ரா வைத்த கப்பிலோ கொடுங்கள். பால், பிறகு பிரஷ், பிறகு கதை, தூக்கம். இந்த வரிசை மாறக் கூடாது. பிரஷ்ஷுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை. சில இரவுகள் அழுவான். பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டிக்கொடுங்கள். இரண்டு வயது தாண்டிய, நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு ராத்திரி பால் பசிக்காகத் தேவைப்படுவதில்லை, அது பழக்கம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிப்பவனாக இருந்தால், சோறு இறங்காததற்கும் ரத்தசோகைக்கும்கூட அதுவே காரணமாகிவிடும்.

இனி உங்கள் அத்தை கேட்கும் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்விதான். அவர் காலத்தில் யாரும் பால்பல்லுக்கு டாக்டரிடம் போனதில்லை. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. இப்போது முன்பல்லைக் கெடுக்கும் அதே புட்டி அடுத்து அவற்றுக்குத்தான் போகும். பல் வலித்தால் பிள்ளை சாப்பிடாது, ராத்திரி தூங்காது, எடை ஏறாது. சீழ் பிடித்த பால்பல்லின் வேருக்கு அடியில்தான் அடுத்து வரப்போகும் பல்லின் மொட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது. அதன் எனாமலும் பழுதாகலாம். கடைவாய்ப் பல்லைச் சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். பத்து வருஷத்துக்குப் பிறகு கம்பி போடும் செலவு எங்கிருந்து தொடங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. இதையெல்லாம் நீங்கள் சொன்னால் வாக்குவாதம் ஆகலாம். இந்தப் பக்கத்தையே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் உதவி உங்களுக்குக் கட்டாயம் தேவை. எதற்கு என்று சொல்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளையை நிற்க வைத்து, முன்னால் நின்று துலக்க முடியாது. அவன் ஓடுவான், நீங்கள் துரத்துவீர்கள், பிரஷ் எங்காவது இடிக்கும். நீங்களும் அத்தையும் எதிரெதிரே முழங்காலோடு முழங்கால் முட்டும்படி உட்காருங்கள். பிள்ளை அத்தையின் மடியில் அவர் முகம் பார்த்து உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து தலையை உங்கள் மடியில் வைக்கட்டும். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடட்டும். உங்களுக்கு மேலிருந்து வாய் முழுக்கத் தெரியும். நாங்கள் கிளினிக்கில் இந்த வயதுக் குழந்தைகளைப் பார்ப்பதும் இப்படித்தான். அத்தை இல்லாத நேரம், நீங்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவன் தலையை உங்கள் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் போதும்.

இடது கை ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்குங்கள். உதட்டின் உட்புறத்தையும் ஈறையும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இணைத்திருக்கும். பிள்ளைகள் பிரஷ்ஷைக் கண்டாலே அலறுவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சவ்வுதான்: பிரஷ் அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். உங்கள் விரலை அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டால் இடிக்காது. இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்த பிறகு, "இப்போ அழுகிறதே இல்லை" என்று திரும்பி வந்து சொன்ன அம்மாக்கள் உண்டு. பிரஷ்ஷின் முடிகள் பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி சாய்த்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து அசைவு. மேல் முன்பற்களில் தொடங்குங்கள், ஏனென்றால் பிள்ளையின் பொறுமை முதலில் தீர்ந்துவிடும். இரண்டு நிமிடம் எல்லாம் இந்த வயதில் நடக்கிற காரியமில்லை. ஒரு நிமிடம் ஒழுங்காகக் கிடைத்தால் நான் திருப்திப்படுவேன். ராத்திரித் துலக்கல் தவறவே கூடாது, காலையில் என்றைக்காவது தவறினால் பரவாயில்லை. அழுதால் வாய் திறந்திருக்கும், அந்த நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பல்லோடு பல் ஒட்டியிருக்கும் இடத்தில் பிரஷ் போகாது என்பது வேறு விஷயம். அதை டாக்டர் நேரில் காட்டித் தரட்டும். ஏழெட்டு வயதுவரை துலக்கிவிடுவது பெரியவர்கள் வேலை. "தானே துலக்குகிறான்" என்று பெருமைப்படலாம், அதற்குப் பிறகு ஒருமுறை நீங்கள் துலக்கிவிட வேண்டும்.

பிரஷ் சின்னத் தலையோடு, மிக மென்மையான முடிகளோடு இருக்கட்டும். விரலில் மாட்டும் சிலிக்கான் உறை முதல் பல் வந்த நாட்களோடு சரி. பல்பொடி, உப்பு, உமிக்கரி எதுவும் வேண்டாம். அவை எனாமலைத் தேய்க்கும், வீங்கிய ஈறைக் கீறும்.

பேஸ்ட் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் வெள்ளைக் கோடு தெரியும் பல்லுக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டால் பெரிதாகப் பயன் இல்லை. கரைந்துபோன தாதுச் சத்தைத் திரும்பப் படிய வைப்பதற்கும், அந்த இடத்தை அமிலத்துக்குத் தாங்கும்படி உறுதியாக்குவதற்கும் ஃபுளோரைடு உதவும். டியூபின் பின்பக்கத்தில் 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். குழந்தைப் படம் போட்ட பல பேஸ்ட்களில் பாதி அளவுதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் எந்த பேஸ்ட்டும் அதிகம்தான். மூன்று வயதுக்கு முன் ஓர் அரிசி மணி அளவு போதும், அதையும் பிரஷ் முடிகளுக்குள் அழுத்திவிடுங்கள். அந்த அளவில் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடுதான் இருக்கும். இரண்டு வேளையும் முழுதாக விழுங்கினாலும் கெடுதல் வராது. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. துலக்கியபின் துப்பத் தெரியாவிட்டால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாய் கொப்பளிக்க வைக்க வேண்டாம். டியூப் மட்டும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. குடிப்பதும் சமைப்பதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்றால், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், 1.5-க்கு மேல் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரில் இது மிதமிஞ்சி இருந்ததால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. அளவு கூடுதலாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான். பேஸ்ட்டைப் பற்றி அந்த முடிவைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த ஜெல்லை இனி தடவ வேண்டாம். கடைகளில் ஈறுக்குக் கொடுக்கும் ஜெல்களில் பெரும்பாலும் கோலின் சாலிசிலேட் அல்லது மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் போன்றவை இருக்கும். முதலாவது ஆஸ்பிரினின் குடும்பம். பிரிட்டனில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2009-லேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். பென்சோகெய்னைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-ல் கடுமையாக எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தடவவே கூடாது என்றார்கள். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான் என்றாலும், அழுக்கால் வந்த வீக்கத்தை எந்த ஜெல்லும் ஆற்றாது. கிராம்பு எண்ணெயும் வேண்டாம், பிஞ்சு ஈறு வெந்துபோகும்.

விட்டமின் சி சிரப்பும் தேவைப்படாது. சோறு, காய், பழம் சாப்பிடும் குழந்தைக்கு அந்தக் குறைபாட்டால் ஈறு வீங்குவது அபூர்வம். வெறும் பாலும் பிஸ்கட்டுமாக மாதக்கணக்கில் வளரும் குழந்தைகளிடம் நாங்கள் அதைச் சந்தேகிப்போம். ஈறு வீக்கத்தோடு கால் வலித்து நடக்க மறுத்தால் கட்டாயம் சந்தேகிப்போம். கொய்யா மசித்துக் கொடுங்கள், கொஞ்சம் நெல்லிக்காய் சாதத்தில் பிசைந்து கொடுங்கள். அந்த சிரப்பின் இனிப்பும் புளிப்பும் அந்தப் பல்லுக்குச் சேர்ந்த இன்னொரு தொல்லை. காய்ச்சல், இருமல் சிரப்புகளும் இனிப்பானவைதான். அவற்றைக் கொடுத்தால் பின்னாலேயே இரண்டு மிடறு தண்ணீர் கொடுங்கள்.

அந்தக் கிளினிக்கில் 5 வயது ஆகட்டும் என்றது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பல் வந்து ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவத்தின் வழிகாட்டல். குழந்தை அழும் என்பது காத்திருப்பதற்குக் காரணமில்லை. உங்கள் மகனைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், அதுவும் மேலே சொன்ன அதே மடியில் வைத்து. குழந்தைப் பல் மருத்துவர் என்று தனிப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலி, மதுரை போன்ற பெரிய ஊர்களில் கிடைப்பார்கள். வசதி இல்லையென்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புகிறீர்களா? ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் வரும் மருத்துவக் குழு பல்லையும் சேர்த்துத்தான் பரிசோதிக்கும். அவர்கள் வருகிற நாளைக் கேட்டு வைத்து, வெள்ளைக் கோட்டை நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் குறையும். வெள்ளைக் கோடு மட்டும்தான் என்றால், ஃபுளோரைடு வார்னிஷ் என்ற ஒரு பூச்சை சின்னப் பிரஷ்ஷால் பல்லில் தடவுவார்கள். ஊசி கிடையாது, இயந்திரம் கிடையாது, ஓரிரு நிமிடம். அன்று பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், துலக்கினால் போய்விடும். உங்கள் மகன் போன்ற ஆபத்து உள்ள குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது வழக்கம். ஏற்கெனவே குழி விழுந்திருந்தால், சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொல்லக்கூடும். சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தும், வலி இருக்காது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும். முன்பல் கறுப்பாகத் தெரிவதை எல்லாக் குடும்பமும் ஏற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்துப் பெரிய சிகிச்சைக்குப் போவதைத் தள்ளிவைக்க அது உதவும் என்றால், கறுப்பே மேல் என்பது என் கட்சி. வேர்வரை சீழ் போயிருந்தால்தான் வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ வரும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை வரவில்லை.

போகும்போது உங்கள் பல்லையும் அத்தையின் பல்லையும் காட்டிவிட்டு வாருங்கள். சொத்தைக் கிருமி பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் எச்சில் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. ஒரே கரண்டியில் ஊட்டாதீர்கள், ஊதி ஊட்டாதீர்கள் என்று சொல்லி வீட்டில் சண்டை மூட்டுவதைவிட, பெரியவர்கள் வாயில் திறந்து கிடக்கும் சொத்தைகளை அடைத்துவிடுவது நடக்கிற காரியம்.

இன்று உதட்டைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று. ஈறு வெளிர் இளஞ்சிவப்பாகி ரத்தம் நின்றிருந்தால் நம் கணிப்பு சரி. வெள்ளைக் கோட்டுக்காக ஒரு மாதத்துக்குள் வார்னிஷ் போட்டுவிடுங்கள். ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தம் குறையவில்லை என்றாலோ, ஏதாவது பல் ஆடினாலோ காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் அடிபடாமல் எந்தப் பல்லும் ஆடக் கூடாது. பல் மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள், இரண்டு போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள்.